ஒரு ரோல்ஸை வேண்டாமென்பது

பாண் ஆட்டோவின் பாட்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை கேட்கும். முதலில் பாலத்தடி வளைவில், மெல்லியதாக. பிறகு மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், உரக்க. இடையில் உள்ள நேரத்துக்குள் லயத்துப் பெண்கள் தேயிலை மலையிலிருந்து இறங்கி, கால் கழுவி, பிள்ளைகளின் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முன்பு பேக்கரியிலிருந்து வரும் அந்த வண்டியில் பாணும் பணிஸும்தான் இருந்தன. இப்போது கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டு முழுவதும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், பெட்டிஸ், சொசேஜ் வைத்துச் சுருட்டிய பணிஸ். கீழ்த்தட்டில் சோடாப் போத்தல்கள். பாணைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நாள்தோறும் குறிப்பு எழுதுகிறவன் நான். ஆனால் அன்றன்று எழுதும்போது ஒவ்வொன்றும் தனித்தனி எரிச்சலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தின் மேல், ஒரு நாள் ஹட்டன் கடைகளின் மேல், ஒரு நாள் என் வீட்டின் மேல். அதனால்தான் இதை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

நான் லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்ட ஆபீசில் கிளார்க். மனைவி பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், பொறுப்பாக இருக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயது. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி என்பதால் மேட்டு லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பாள். காசு வாங்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். அவளும் கேட்கவில்லை.

ஆனால் லயத்தில் யாரும் சும்மா ஒன்றை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பாடம் நடப்பது ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் வீட்டு இஸ்தோப்பில். வாசலை ஒட்டிய அந்த இடத்தில் பாய் விரித்து, ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பாள். பாண் ஆட்டோ வந்ததும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "டீச்சரம்மாவுக்கு" ஒரு ரோல்ஸ் வரும். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து ரோல்ஸும் சோடாவும். ஒரு வீடு கொடுத்ததைவிடக் குறைவாக இன்னொரு வீடு கொடுக்காது. தாங்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வாயில் அந்த ரோல்ஸ் போய் நான் பார்த்ததில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். சொல்ல முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பிறந்தது அதே மேட்டு லயத்தில். என் சிறு வயதில், ஆபீஸ் உத்தியோகத்தர் வீட்டார் லயத்தில் கை நனைக்க மாட்டார்கள். அன்றைய கிளார்க் ஐயா சாவு வீட்டுக்கு வருவார், நின்றபடியே துக்கம் விசாரிப்பார். தேத்தண்ணி நீட்டினால் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார். அவர் குடித்துவிட்டு வரவில்லை என்பது நீட்டியவருக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்து ஸ்டாஃப் குவாட்டர்சுக்குக் குடிபோன வாரமே, நான் லயத்து வீடுகளில் தேத்தண்ணி குடிக்கிறேனா என்று எல்லாரும் கவனித்தார்கள். குடித்தேன். எல்லா வீட்டிலும் குடித்தேன். மனைவியிடமும், பேச்சு வந்த நாளிலிருந்து மகளிடமும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: லயத்தில் எது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே.

அதை அவள் தட்டியதே இல்லை.

அவள் உடம்பு வைத்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை. கவனித்துச் சந்தோஷப்பட்டோம். பிறக்கும்போது நிறை குறைவான பிள்ளை. மருத்துவமாது மிஸ் ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை எழுதும் அட்டையைக் காட்டி, "கோடு மேல போகணும், பாருங்க, போகல" என்று என் மனைவியைத் திட்டுவார். மற்றவர்களின் குழந்தைகளுக்குச் சோறூட்டுகிறவளின் பிள்ளையே இப்படியா என்று அவளுக்கு அவமானமாக இருக்கும். அதனால் மகளின் கன்னம் உப்பியபோது, பழைய கவுன் போடமுடியாமல் போனபோது, அந்தக் கோடு கடைசியில் மேலே போய்விட்டது என்றுதான் நினைத்தோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று எந்த மிஸ்ஸும் சொல்லவில்லை.

பிறகு அவள் கழுத்தின் பின்பக்கம் கறுத்தது. மனைவி அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். பயத்தமா போட்டுத் தேய்த்தாள். தேசிக்காய் தேய்த்தாள். "ஒழுங்காக் குளிக்கிறியா இல்லியா?" என்று தினமும் சண்டை. தோல் சிவந்து புண்ணானது, கறுப்பு போகவில்லை. புண்ணுக்கு மருந்து வாங்கத்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் புண்ணைப் பார்க்கவே இல்லை. கறுப்பைப் பார்த்தார். மகளைத் தராசில் ஏறச் சொன்னார், இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னிடம் சிங்களத்தில் பேசினார். அது அழுக்கு இல்லை, உடம்பில் சீனி சரியாகச் செலவாகாததன் அடையாளம், இன்னும் சீனி வருத்தமாக, அதாவது நீரிழிவாக, ஆகவில்லை, விளிம்பில் நிற்கிறது. நிறை குறைந்தால் மருந்து இல்லாமலே சமாளிக்கலாம். குறையாவிட்டால் இந்த வயதிலேயே குளிசை விழுங்கத் தொடங்க வேண்டிவரும். "வீட்டுச் சாப்பாடு கொடுங்கள். நடக்கச் சொல்லுங்கள்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தையும் ஏதோ வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளை எடுத்துக் கொடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுச் சாப்பாடு என்ன என்று கேட்டார். காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி என்றேன். "கோதுமை மாவா?" என்றார். ஆமாம் என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மலையில் ஏறி இறங்கியவர்களின் உடம்புக்கு அந்த ரொட்டி ஏதோ தாங்கியது. கதிரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அதுவும் கூடாதாம். ஆக ரோல்ஸ் மட்டும் எதிரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் வழியில்லை.

நடக்கத் தொடங்கினோம். தனியாக ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் தோட்டத்து ரோட்டில் நடந்தால் பேச்சு வரும் என்பதால் நானும் கூடப் போனேன். அப்போதும் பேச்சு வந்தது.

"ஐயாவுக்கு பஸ் தவறிப்போச்சா?" என்று முதல் நாள் கேட்டார்கள்.

"இல்ல, சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா?"

நாள் முழுவதும் மலையில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு சும்மா நடப்பது என்ற ஒன்று புரியவேயில்லை. பழைய மலைக் கங்காணி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நடக்கிறதுதான் நடக்கிறீங்க, ஆளுக்கொரு கூடைய மாட்டிக்கிட்டுப் போனா தோட்டத்துக்காச்சும் ஆகும்." மகளும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மழை, காலில் அட்டைக்கடி, தலைவலி என்று ஏதாவது ஒரு காரணம் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் இருக்கிறதே என்று விசாரித்தேன். பரீட்சை வகுப்புக்கு அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். வகுப்பாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். "உங்கட பிள்ளை நல்லாச் செய்யிறா, அதில ஒரு குறையுமில்லை" என்றார். உடம்பைப் பற்றிக் கேட்டேன் என்றேன். "அது சோதினைக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

இதற்கு நடுவில் ஒருநாள் லயத்துப் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஏறிப் பார்த்திருக்கிறாள். அங்கே நின்ற கணக்கப்பிள்ளை, "சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சாத்தான் சரியான நிறை தெரியும் பாப்பா" என்றாராம். கொழுந்து நிறுக்கும்போது கழிப்பதுபோல. இதை அவளே இராச் சாப்பாட்டின்போது சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு மடுவத்துப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. கணக்கப்பிள்ளையோடு சண்டை போட முடியாது. அவர் நாளெல்லாம் எல்லாரிடமும் சொல்கிற பகடி அது. யாரிடமாவது ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் போதும் என்று இருந்தது. அந்த மனநிலையில்தான் மேட்டு லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் பாய் விரிக்க இடம் கொடுத்த அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள். பிள்ளைப் பருவத்திலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மகள் அவளை அத்தை என்பாள். வழக்கம்போல வாசற்படியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்:

"இனிமே பாப்பாவுக்கு ரோல்ஸ், சோடா ஒண்ணும் குடுக்காதீங்க. மத்த வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிருங்க."

"ஏன் அண்ணே, கெட்டுப்போனதக் குடுத்துட்டமா?"

"அப்படியில்ல. டொக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு."

"டொக்டரு எங்க கையால மட்டும் வேணாம்னாரா, இல்ல எல்லாரு கையாலயுமா?"

"என்ன பேச்சு இது?"

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரரு ஹட்டன்ல பாத்தாராம். பாப்பா பெரிய கடையில ஒக்காந்து கொத்து ரொட்டி சாப்புட்டுக்கிட்டு இருந்துச்சாம். கண்ணாடிக் கதவு போட்ட கடை. அங்க திங்கலாம். இங்க கூடாது."

எனக்கு அது புதுச் செய்தி.

"சரிங்க ஐயா," என்றாள். "சொல்லிர்றேன்."

அந்த 'ஐயா' என் காதில் விழுந்த விதத்தை இங்கே எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் டியூஷன் முடிந்ததும் அவள் சாப்பிட ஒரு பெட்டியில் நானே அவித்த கடலையும் காய்களும் கட்டிக்கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பெட்டி காலியாகத்தான் திரும்பி வந்தது.

"பஸ்ஸுல சாப்புடுவேன்," என்றாள். "அதுக்கப்புறம் எல்லாரும் கடைக்குப் போவாங்க."

"அவங்க போனா நீயும் போகணுமா?"

"பின்ன, பஸ் ஸ்டாண்ட்ல நான் மட்டும் டப்பாவத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காரவா? டவுன் பிள்ளைங்க எல்லாம் பாக்கும்." பிறகு சொன்னாள்: "அந்தக் கடையில ஒக்காந்தா யாரும் எந்தத் தோட்டம்னு கேக்க மாட்டாங்கப்பா."

நான் நீளமாக ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்பது அன்றைய குறிப்பில் இருக்கிறது. இங்கே திரும்ப எழுத விருப்பமில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் அவள் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனபோது பாய் விரித்திருக்கவில்லை. பிள்ளைக்குத் தடுமல் என்றார்களாம். அதற்கு மறுநாள் இன்னொரு பிள்ளைக்கு வயிற்றுவலி. வாரக் கடைசியில் ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பி வந்து புத்தகங்களைக் கட்டில்மேல் போட்டாள்.

"நீங்க ஏம்பா போனீங்க?"

"ஒனக்காகத்தானே போனேன்."

"என் வாயி. நான் சொல்ல மாட்டனா?"

"ஒரு வருசமாச் சொல்லலியே."

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

இதற்கு மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிறை குறையவில்லை. கூடவும் இல்லை. லயத்து ரோல்ஸ் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் வீட்டில் அடைந்து கிடந்தாள், யாரோடும் பேசாமல் பிஸ்கட் பெட்டியைக் காலி செய்தாள். டொக்டர் தாளைப் புரட்டிப் பார்த்து, இன்னும் ஒரு தவணை தருகிறேன், பிறகு குளிசைதான் என்றார். திரும்பும் வழியில் பஸ் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "குளிச தொடங்கினா நிப்பாட்டவே ஏலாதாப்பா?" எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த வாரம் சனிக்கிழமை மாலை தானாகவே கிளம்பினாள். "மேட்டு லயத்துக்குப் போறேன். வாறதுன்னா வாங்க. ஆனா பேசக் கூடாது."

நாங்கள் போனபோது அந்தப் பெண் இஸ்தோப்பில் இருந்தாள். அவளுடைய எட்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்த பிள்ளை; கவுன் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். "வாங்க ஐயா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து, துண்டால் துடைத்து எனக்குப் போட்டாள். அந்த வீட்டில் நான் ஒருபோதும் கதிரையில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். மகள் தரையில் உட்கார்ந்தாள்.

நல்ல நேரம் பார்த்துப் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் மகளிடம் காசைக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு ரோல்ஸ் வந்தன. ஒரு தட்டில் வைத்து என் மகளின் முன்னால் தள்ளினாள். சாப்பிடுகிறாளா இல்லையா என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

மகள் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். "அத்த, பாதி நீங்க, பாதி நான்."

"எனக்கு வேணாம் பாப்பா. நீ சாப்புடு."

"நீங்க சாப்புட்டாத்தான் நான் சாப்புடுவேன்."

"எண்ணெயில போட்டது எனக்கு ஆவாது. நெஞ்சு கரிக்கும், ராத்திரியெல்லாம் தூக்கம் வராது."

"ஒங்களுக்கு ஆவாதுன்னா எனக்கு மட்டும் ஆவுமா?"

அவள் திகைத்தாள். மகள் பின்னலை முன்னால் தூக்கிப் போட்டு, முதுகைத் திருப்பி, கழுத்தைக் காட்டினாள். வீட்டுக்கு வெளியே யாருக்கும் அவள் அதைக் காட்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கொலரைத் தூக்கிவிட்டுத்தான் போவாள்.

"அம்மா அழுக்குன்னு நெனச்சித் தேச்சித் தேச்சிப் புண்ணாக்கிட்டாங்க. அழுக்கில்ல அத்த. உள்ளுக்கு சீனி ஏறுதாம். கொறையலன்னா குளிச போடணுமாம்."

அந்தப் பெண் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"இந்த வயசுலயா சீனி," என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமும் சிரிப்பும் சேர்ந்திருந்தன. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? ஆபீஸ் வாசல்ல நோட்டீஸ் ஒட்டுற மாதிரி வந்து நின்னு சொல்லிட்டுப் போனீங்க."

பேசக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் பேசாமல் இருந்தேன்.

உள்ளே போய் மூன்று கோப்பையில் சாயத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மகளுக்குக் கொடுக்கும்போது, "சீனி போடல பாப்பா, கசந்தா சொல்லாத, குடி," என்றாள். பிறகு, "அண்ணே, ஒங்களுக்குச் சீனி வேணுமா?"

அண்ணே என்றாள். வேண்டாம் என்றேன். கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நாளையிலிருந்து பாய் விரிக்கிறேன் என்றாள். மற்ற வீட்டுக்காரர்களிடம் தானே பேசுகிறேன் என்றாள். இனி யாராவது ரோல்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவேன் என்றாள். மகள் சிரித்தாள். கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது அந்தத் தராசுக் கதையைச் சொன்ன இரவில்தான். ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் எழுந்து போகவில்லை.

தட்டில் ஒரு முழு ரோல்ஸும் பிய்த்த இரண்டு பாதியும் அப்படியே இருந்தன. அந்தப் பெண் அதை எடுத்துத் தன் மகளின் மடியில் வைத்தாள்.

"இந்தா, நீயே எல்லாத்தையும் தின்னு. ஒனக்குத்தான் ஒடம்பு வைக்கணும்." பிறகு எங்களிடம் சொன்னாள்: "மிஸ் போன கிளினிக்ல ஏசிட்டாங்க. நெற காணாதாம், கோடு கீழயே கெடக்காம். இனிமே ஆட்டோ வாறப்பல்லாம் இவளுக்கே வாங்கிக் குடுத்துர வேண்டியதுதான். காசு வீணாப் போவாது."

அந்தச் சின்னப் பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டாள். முதலில் பொரித்த மேல்தோலை, பிறகு உள்ளே இருந்த கிழங்கை. தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவியின் முகத்தில் பல வருடங்களுக்கு முன் நான் பார்த்த அதே பார்வை.

நான் வாயைத் திறந்தேன்.

"என்ன அண்ணே?"

இப்போதுதான் அண்ணே என்று கூப்பிட்டவளிடம், உன் பிள்ளைக்கு நீ வாங்கிக் கொடுப்பது தப்பு என்று எப்படிச் சொல்வது? அதுவும் நிறை காணாத பிள்ளைக்கு?

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி நல்லாருக்கு," என்றேன்.

இருட்டுவதற்குள் இறங்கினோம். நாங்கள் நடக்கத்தான் போகிறோம் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறைந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

பாலத்தடியில் வரும்போது மகள் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு என்னப்பா குடுக்கச் சொல்லணும்?"

இதற்காவது பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலிருந்து படிப்பதுபோலச் சொல்லத் தொடங்கினேன். முட்டை கொடுக்கலாம், பருப்பு, கீரை, தயிர், ஏதாவது ஒரு பழம்.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"அதெல்லாம் ஆட்டோவுல வருமாப்பா?" என்றாள்.